இரண்டு ஜி.பி. மழை

மூன்றாவது தடவையாக அழுத்தியாகிவிட்டது. திரையின் அடியில் பச்சைப் பட்டை ஊரத் தொடங்கியிருக்கிறது. கோப்புக்குள் வீணாகக் கிடக்கிற இடத்தையெல்லாம் பிதுக்கி எடுத்துவிட்டுச் சின்னதாக்கித் தருகிற பொத்தான் அது. முதல் தடவை இருபத்தைந்து நிமிஷம் ஓடிவிட்டு இரண்டு கே.பி. குறைத்துக் கொடுத்தது, கருமியின் கையிலிருந்து வாங்கிய மாதிரி. இரண்டாவது தடவை அதுவும் இல்லை. இப்போது மணி பத்தாக எட்டு நிமிஷம். வெளியே மழை தகரக் கூரையைப் போட்டு அடிக்கிறது. மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை. அதனால் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தவள் நான், மங்களேஸ்வரி, நீர்வளப் பிரிவில் உதவியாளர், இந்த மாவட்டத்து மழையெல்லாம் என் கை வழியாகத்தான் எண்ணாக மாறும். முப்பத்தெட்டு மழைமானிகள், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஊரூருக்கு ஒரு கடைநிலை ஊழியராக முப்பத்தெட்டு லஸ்கர்கள், காலை எட்டரைக்கு அளந்து போன் போடுவார்கள், நான் பதிவேன். இன்றைக்குப் பதிய முடியவில்லை. கோப்பு இரண்டு ஜி.பி.யைத் தொட்டுவிட்டது, அதற்குமேல் அது வாங்காது, ஒரு வரி சேர்த்தாலும் முகத்தில் அடித்த மாதிரி ஒரு பெட்டி வந்து நிற்கிறது. எண்களைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. பன்னிரண்டு மணிக்குள் வடிவமைப்புப் பிரிவுக்கு ஓர் அட்டவணை போக வேண்டும். போன வருஷம் வெள்ளியேந்தல் கண்மாயில் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கு உடைந்து பன்னிரண்டு வீட்டுச் சுவர் விழுந்ததே, அந்தக் கலுங்கைப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதை, அங்கே ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை எவ்வளவு என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த எண் இந்தக் கோப்புக்குள் இருக்கிறது. கோப்பு திணறுகிறது. பட்டை ஊர்கிறது. ஊரட்டும்.

இந்தக் கோப்பை நான்தான் கட்டினேன். யாரும் சொல்லிக் கட்டவில்லை. 2001இல் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, துணி போர்த்தி ஆறு மாசம் வைத்திருந்தார்கள், அதற்கு ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு சரி. பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கற்றுக்கொண்டேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடுவே புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அட்டவணை என்றால் என்ன, உறவு என்றால் என்ன, ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது என்பதெல்லாம் எனக்கு டக்கென்று புரிந்தது. சொல்லிக்கொடுத்தவருக்கே ஆச்சரியம். அன்றிலிருந்து பதினோரு செயற்பொறியாளர்கள் வந்து போய்விட்டார்கள். சென்னையிலிருந்து பெரியவர்கள் வந்தால் ஒவ்வொருவரும் "நம்ம டேட்டாபேஸ்" என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். நம்மவாம்! கீபோர்டில் 'எ' எங்கே இருக்கிறது என்று தெரியாது. சிரித்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் போன பிறகு திரையைப் புடவைத் தலைப்பால் ஒரு துடைப்பு துடைப்பேன். எனக்கு அதில் பெருமைதான், மறைத்து என்ன ஆகப் போகிறது. என் வீட்டுக்காரர் என்னை மழைக்காரி என்பார். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், "இவகிட்ட கேளுங்க, நீங்க பொறந்த அன்னைக்கு மழையா வெயிலான்னு சொல்லுவா" என்று கேலி செய்வார். பொறந்த அன்னைக்குத் தெரியாது. இருபத்து நாலு வருஷத்துக்குள் என்றால் தெரியும். முப்பத்தெட்டு மானி, வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், மூன்று லட்சத்து முப்பதாயிரத்துச் சொச்சம் எண்கள், ஒரு நாள் விடுபட்டதில்லை. என் மகள் பிறந்த வாரத்துக்குக்கூட ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உட்கார்ந்து பதிந்தேன்.

மூன்று லட்சத்து முப்பதாயிரத்தில் முக்கால்வாசி பூஜ்ஜியம். வானம் பார்த்த சீமை, வேறென்ன இருக்கும். முன்பு ஒரு தடவை ஐதராபாத்திலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மழை பெய்யாத நாளுக்கெல்லாம் எதற்கு வரி, பெய்த நாளை மட்டும் வைத்தால் கோப்பு கால்வாசி ஆகிவிடுமே என்று கேட்டார். எனக்கு வந்த கோபம்! பூஜ்ஜியம் சும்மா வந்துவிடுமா? ஒரு ஆள் காலையில் எழுந்து கண்மாய்க் கரை வரைக்கும் நடந்து, முள்வேலிக் கதவைத் திறந்து, புனலைத் தூக்கி, உள்ளே பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு சொட்டும் இல்லை என்று கண்ணால் கண்டு சொன்னது அது. பார்க்காமல் விட்டால் அது பூஜ்ஜியம் இல்லை, வெற்றிடம். வெற்றிடம் இருந்தால் பொறியாளர்கள் பக்கத்து மானிகளைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்வார்கள். பூஜ்ஜியம் இருந்தால் அதை அப்படியே நம்புவார்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஆலோசகருக்கு இதைச் சொன்னேன், நல்ல தமிழில் சத்தமாகவே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். லஸ்கராகப் புதிதாக யார் வந்தாலும் இதைத்தான் முதலில் சொல்வேன், அளந்தால் எழுது, அளக்காவிட்டால் காலியாக விடு, இல்லாததை எழுதாதே. எல்லோருக்கும் சொல்வேன். எல்லோருக்கும் சொன்னவள்தான் நான். பட்டை பாதியைத் தாண்டிவிட்டது. காலின் கீழே ஈரம் வருகிறது, ஜன்னல் வழியாகச் சாரல், சிபியூவைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிடலாமா, ஓடும்போது தொடக் கூடாது, இருக்கட்டும்.

எதனால் சுருங்கவில்லை என்று ஹாரூன் சார் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டார். உதவிப் பொறியாளர், வந்து ஏழு மாசம் ஆகிறது, நல்ல பிள்ளை, நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டு வருகிறவர். எட்டிப் பார்த்து, "மேடம், உள்ளே படமா வச்சிருக்கீங்க? எத்தனை?" என்றார். ஒன்பதாயிரம். ஒவ்வொரு மானிக்கும் லஸ்கர் நாளுக்கு ஒரு கட்டமாக எழுதி மாசா மாசம் தபாலில் அனுப்பும் மழை அட்டையின் படம். 2009இல் பதிவறையில் கரையான் புகுந்து மூன்று அலமாரி அட்டைகளைத் தின்றுவிட்டது. மிச்சம் கிடந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஒரு ஸ்கேனரைக் கடன் வாங்கி ஒவ்வொரு அட்டையாக எடுத்து, அந்தந்த மாசத்து எண்களுக்குப் பக்கத்திலேயே அட்டவணைக்குள் ஒட்டினேன். வெளியே தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டிருக்க வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள், இப்போது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆபீசில் தனியாக வைத்த எது தங்கியிருக்கிறது? சாவி தனியாக வைத்தால் சாவி போகும், வரைபடம் தனியாக வைத்தால் வரைபடம் போகும். எண்ணும் அட்டையும் பிரியவே கூடாது என்று உள்ளேயே வைத்தேன். ஒரு படம் உள்ளே போனால் அது ஊதிப் பல மடங்காகிவிடும் என்று யாருக்குத் தெரிந்தது. ஆக, இந்தக் கோப்பில் வீணான இடம் என்று எதுவும் இல்லை. பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தாலும் வர ஒன்றுமில்லை. ஹாரூன் சார் சொன்னார், "படத்தையெல்லாம் தூக்கிருங்க மேடம். நம்பர் இருக்குல்ல, அது போதும். நாப்பது எம்.பி.க்கு வந்துரும்." பாக்குறேன் சார் என்றேன். அவர் போனதும் மறுபடியும் அதே காம்பாக்ட் பொத்தானை அழுத்தினேன்.

சுருங்காது என்று தெரிந்துதான் அழுத்தினேன். இதை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவைக்கு முன்பே தெரியும். படம் இருக்கிற அந்த ஒரே ஒரு நெடுவரிசையை எடுத்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும், என் மகள்கூடச் செய்வாள். காலை எட்டரையிலிருந்து பட்டை ஊர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பட்டை ஊர்கிற வரைக்கும் நான் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. நான் பயப்படுவது படங்கள் போய்விடும் என்று இல்லை. போனால் நல்லது என்று மனசு சொல்கிறதே, அதற்குத்தான் பயம். படங்கள் போனால் வெள்ளியேந்தலின் ஓர் அட்டையும் போகும். அதில் அக்டோபர் 27, 28, 29, மூன்று கட்டங்கள் காலி. அட்டவணையில் அதே மூன்று நாளுக்கு பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். போட்டது நான்.

இருபது வருஷம் ஆகிவிட்டது. அப்போது வெள்ளியேந்தல் லஸ்கர் பூவலிங்கம். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், பூவலிங்கண்ணே என்பேன், அவர் தாயி என்பார். மழைக்காலத்தில் காலையில் பஞ்சாயத்து போனிலிருந்து கூப்பிடுவார். அந்த மூன்று நாள் கூப்பிடவில்லை. நாலாவது நாள் நேரில் வந்தார். வேட்டியெல்லாம் சேறு, முகத்தில் தாடி. ஆபீசில் நான் மட்டும் இருந்தேன். மகள் ராசாத்தி எவனோ ஒரு பையனோடு போய்விட்டாளாம், திருப்பூருக்குப் போய்த் தெருத்தெருவாகத் தேடிவிட்டு வந்திருக்கிறார். ஊரில் யாருக்கும் தெரியாது, மகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகிறதாகச் சொல்லி வைத்திருக்கிறார். "தெரிஞ்சா வெட்டிருவாய்ங்க தாயி, எந் தம்பிமாரே வெட்டிருவாய்ங்க. எம் புள்ள எங்கிட்டாச்சும் உசுரோட இருந்துட்டுப் போகட்டும்" என்று அழுதார். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். மழை எவ்வளவு என்று கேட்டேன், எனக்கு அதுதானே தொழில். "பாட்டிலு நெறஞ்சு வழிஞ்சு கெடந்துச்சு தாயி. எத்தன நாளு, எம்புட்டுன்னு நா என்னத்தக் கண்டேன்." அட்டையில் என்ன எழுதினீர்கள் என்றேன். "ஒண்ணும் எழுதல. இல்லாததை எழுதக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக." காலிக் கட்டம் இருந்தால் மாச முடிவில் அறிக்கையில் சிவப்பாக வரும், லஸ்கரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள், எங்கே போனாய், ஏன் போனாய், சாட்சி யார். அந்தக் காகிதம் பஞ்சாயத்து வழியாகத்தான் ஊருக்குள் போகும். அவர் படியிறங்கிப் போனதும் திரையின் முன்னால் உட்கார்ந்தேன். வாய்க்கு வந்த ஓர் எண்ணை, நூறு, நூற்றைம்பது என்று போட மனசு வரவில்லை. அது அப்பட்டமான பொய். பூஜ்ஜியம்தானே, இருக்கிறதிலேயே சின்னப் பொய் அதுதான் என்று தோன்றியது. எங்கள் சீமையில் ஒரு கண்மாயில் கொட்டும், அடுத்த கண்மாயில் வெயில் அடிக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் இல்லை. படித்த நான் பொய் எழுதினேன், கைநாட்டிலிருந்து அப்போதுதான் கையெழுத்துக்கு வந்திருந்த பூவலிங்கம் எழுதவில்லை. கரையான் அத்தனை அட்டையைத் தின்றதே, இந்த அட்டையை விட்டுவிட்டது. ஸ்கேன் செய்கிறபோது கையில் வந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம். கை வரவில்லை. ஒட்டிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தேன். ராசாத்தி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாளாம், இரண்டு பிள்ளைகளாம், பூவலிங்கண்ணன் ரிட்டயர் ஆகி அங்கேதான் போய் இருக்கிறார். அதைக் கேட்டபோது அந்த மூன்று பூஜ்ஜியங்களும் எனக்குப் பாவமாகவே தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்காகப் பொய் எழுதினதற்கு இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

ஆனால் கலுங்கு. அட்டவணையை இப்படியே ஓட்டினால் வெள்ளியேந்தலுக்கு ஒரே நாளின் அதிகபட்சம் நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர் என்று வரும். அந்த அக்டோபர் 28க்குப் பக்கத்து இரண்டு மானிகளில் நூற்று எண்பத்து நாலு, நூற்று எழுபத்தொன்று. அவற்றையும் நான்தான் பதிந்தேன், மறக்கவில்லை. நடுவில் இருக்கிற வெள்ளியேந்தலில் பாட்டில் நிறைந்து வழிந்திருக்கிறது. நூற்றுப் பதினெட்டுக்குக் கலுங்கு கட்டினால் ஒரு வருஷம் தாங்கும், ஐந்து வருஷம் தாங்கும், அப்புறம் இந்த மாதிரி ஒரு மழைக்குப் போகும். போன வருஷம் சுவர்தான் விழுந்தது, ஆட்கள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் பிழைத்தார்கள். படத்தையெல்லாம் தூக்கிவிட்டால் அந்தப் பூஜ்ஜியங்கள்தான் உண்மை, உலகத்தில் வேறு சாட்சி கிடையாது, ஆபீசரே சொல்லித் தூக்கியது என்று ஆகும். வைத்துக்கொண்டு வாயைத் திறந்தால், அரசுப் பதிவேட்டில் தெரிந்தே பொய் எழுதியவள். ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ஐந்து வருஷம். வேலையே போகக்கூடிய பதினேழு-பி மெமோ, விசாரணை, போன வாரம் வரைக்கும் என்னிடம் சந்தேகம் கேட்டவர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். மங்களேஸ்வரி மேடமா, ஒரு நம்பர் தப்பாது என்பார்களே அந்த மேடமா என்பார்கள். இதுதான் எனக்குத் தாங்காது. மெமோகூடத் தாங்கும். அந்த 'மேடமா' தாங்காது. இருபது வருஷமாக எத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்று ஒரு தப்புக் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று கட்டங்கள் கண்ணுக்குள் வந்து போகும், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வேன். பட்டை முடிந்துவிட்டது. அதே அளவு, ஒரு கே.பி.கூடக் குறையவில்லை. மணி பத்தரை. இனி அழுத்த எந்தப் பொத்தானும் பாக்கி இல்லை.

என்ன மங்களேஸ்வரி, எதைப் பற்றிப் பெருமை உனக்கு? கோப்பைப் பற்றியா, உன்னைப் பற்றியா? கோப்பு உன்னுடையது என்றால் அதிலிருக்கிற தப்பும் உன்னுடையதுதானே. டிராயரைத் திறந்தேன், பென் டிரைவை எடுத்தேன். முதலில் கோப்பை அப்படியே, ஒன்பதாயிரம் அட்டைகளோடும், நகல் எடுத்தேன். பதினொரு நிமிஷம் ஆனது. திறந்து பார்த்தேன், வெள்ளியேந்தல் அட்டை இருக்கிறது, பூவலிங்கண்ணனின் கோணல் கையெழுத்து இருக்கிறது. அதை அச்சு எடுத்தேன். பிறகு வேலை செய்கிற கோப்பில் படங்களின் நெடுவரிசையைத் தூக்கினேன், காம்பாக்ட் அழுத்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாற்பத்தொரு எம்.பி. இருபத்து நாலு வருஷத்து மழையும் வெயிலும் நாற்பத்தொரு எம்.பி.யில் அடக்கம், என்ன அழகாகக் கட்டியிருக்கிறேன்! சத்தமாகச் சிரித்துவிட்டேன், எதிர் மேஜை டைப்பிஸ்ட் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு வந்த முப்பத்தெட்டு எண்களையும் மளமளவென்று பதிந்தேன். பிறகு வெள்ளியேந்தலுக்குப் போனேன். அக்டோபர் 27இல் இருந்த பூஜ்ஜியத்தை அழித்தேன், 28, 29. குறிப்பு நெடுவரிசையில் எழுதினேன். அளக்கப்படவில்லை, மழை பெய்தது, பூஜ்ஜியம் எனத் தெரிந்தே தவறாகப் பதிந்தவர் எஸ். மங்களேஸ்வரி, உதவியாளர். தேதி போட்டேன். அட்டவணையை ஓட்டி அச்சு எடுத்து, அட்டையின் நகலைப் பின்னால் வைத்துக் குத்தி, பதினொன்றே காலுக்கு ஹாரூன் சாரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

அவர் வெள்ளியேந்தலில் நின்றார். "மேடம், இங்க மூணு நாள் காலியா இருக்கு. நேத்துப் பாத்தப்ப ஜீரோ இருந்துச்சே?"

"ஜீரோ நான் போட்டது சார். அன்னைக்கு யாரும் அளக்கல. பாட்டில் நெறஞ்சு வழிஞ்சிருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

குறிப்பைப் படித்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஏன் மேடம்? நீங்களா?"

அந்த 'நீங்களா' வந்துவிட்டது. நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. வலித்தது, ஆனால் நிற்க முடிந்தது. "அது ஒரு ஆளோட வீட்டு விஷயம் சார். அதைச் சொல்ல மாட்டேன், விசாரணை வச்சாலும் சொல்ல மாட்டேன். தப்புக்கு என் பேரைப் போட்டிருக்கேன், அது போதும்."

"பதினேழு-பி வரும்னு தெரியும்ல?"

"வரட்டும் சார். கலுங்கைப் பெரிசாக் கட்டச் சொல்லுங்க."

அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். வெளியே ஜீப் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார், "வேற எங்கயாச்சும் இந்த மாதிரி இருக்கா மேடம்?"

மூன்று லட்சத்து முப்பதாயிரம் எண்கள். ஒவ்வொரு மானியாக, ஒவ்வொரு வருஷமாக மனசு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, எங்கேயும் தட்டவில்லை, இடறவில்லை.

"இல்ல சார். ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

அவர் சரிபார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.